எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி: டிவி வாங்கும்போது காசு எதற்குப் போகிறது?

ஷோரூம் சுவரில் வரிசையாக டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே வீடியோ: பவளப்பாறை, பஞ்சவர்ணக் கிளி, சாறு வழியும் ஆரஞ்சுப் பழம். எதைப் பார்த்தாலும் கண்ணைப் பறிக்கிறது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக 55 இன்ச் டிவி வாங்க வந்திருக்கிறார் ஓர் இளைஞர். விற்பனையாளர் அவரிடம் அடுக்குகிறார்: "இது எல்இடி சார், நார்மல். அதுக்கு மேல கியூஎல்இடி. இன்னும் கொஞ்சம் பட்ஜெட் இருந்தா மினி எல்இடி. எல்லாத்துக்கும் மேல ஓஎல்இடி. இஎம்ஐ போட்டா மாசத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது சார்."

கேட்பதற்கு ஏணிப்படி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு படி ஏறும்போதும் பல ஆயிரம் ரூபாய் கூடுகிறது. படமும் அந்த அளவுக்கு மேலே ஏறுகிறதா? அங்கேதான் சிக்கல். அந்த ஏணியின் பாதிப் படிகளைச் செய்தது ஆய்வுக்கூடம் அல்ல, விளம்பரத் துறை.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய திரைக்கு மாற நினைத்தவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் வரியில் மிச்சமான காசு புரியாத ஒரு பெயருக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன லாபம்?

பெயர் நான்கு, தொழில்நுட்பம் இரண்டு

இன்று கடைகளில் கிடைக்கும் டிவிகளை இரண்டே குடும்பங்களாகப் பிரித்துவிடலாம். ஒன்று எல்சிடி. மற்றொன்று ஓஎல்இடி. 'எல்இடி டிவி', 'கியூஎல்இடி டிவி', 'மினி எல்இடி டிவி' மூன்றுமே எல்சிடி குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் ஜன்னல் கதவுபோல் திறந்தும் மூடியும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும். முதலில் வந்த எல்சிடி டிவிகளில் பின்னால் இருந்தது மெல்லிய ஃப்ளோரசன்ட் குழல்கள், நம்ம வீட்டு டியூப் லைட்டின் தம்பி. பிறகு அந்த இடத்தில் எல்இடி விளக்குகள் வந்தன. மாறியது விளக்கு மட்டும்தான். ஆனால் பெயர் மட்டும் 'எல்இடி டிவி' என்று முழுசாக மாறிவிட்டது.

இது நியாயமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சாம்சங்கின் 'எல்இடி டிவி' விளம்பரங்கள், திரையே எல்இடியால் ஆனது என்ற எண்ணத்தை ஏற்படுத்துவதாக பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2009-ல் கண்டித்தது. கண்டிப்பு வந்தது, போனது. பெயர் நிலைத்துவிட்டது.

ஓஎல்இடி வேறு ரகம். அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும், தானே அணையும். 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். 83 லட்சம் அகல் விளக்குகளை வரிசையாக வைத்து, எது எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று தனித்தனியாக முடிவு செய்வதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். இதற்கு அடித்தளமிட்டவர்கள் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1987-ல் வெளியானது. ஓஎல்இடி டிவியாகக் கடைக்கு வர 20 ஆண்டுகள் ஆயின. 2007-ல் சோனி கொண்டுவந்த எக்ஸ்இஎல்-1, வெறும் 11 இன்ச்.

கறுப்பு எவ்வளவு கறுப்பு?

படத்தின் தரம் என்றதும் பலரும் 4கே-வா, 8கே-வா என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் கண் முதலில் கவனிப்பது பிக்சல் எண்ணிக்கையை அல்ல, கான்ட்ராஸ்ட்டை. அதாவது, திரையின் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள இடைவெளியை.

எல்சிடியில் ஜன்னல் கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் ஒளி கசியும். அதனால்தான் இரவுக் காட்சியில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. எவ்வளவு கசியும் என்பது பேனலின் வகையைப் பொறுத்தது. ஐபிஎஸ் வகைப் பேனலில் கான்ட்ராஸ்ட் சுமார் 1,000-க்கு 1. விஏ வகையில் பெரும்பாலும் 3,000 முதல் 6,000-க்கு 1. ஐபிஎஸ் திரையில் வெள்ளை 300 நிட் வெளிச்சத்தில் இருந்தால், 'கறுப்பு' 0.3 நிட்டில் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். ஓஎல்இடியில் அது பூஜ்யம். விளக்கு அணைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாரும் விஏ வாங்கிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். விஏ திரையை நேர் எதிரே அமர்ந்து பார்த்தால் அருமை. பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுத்துப்போகும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு சுமார்தான், ஆனால் ஓரத்து நாற்காலிக்காரருக்கும் ஏறக்குறைய அதே படம் தெரியும். எட்டுப் பேர் கூடத்தில் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் வீடும், இருவர் மட்டும் சோபாவில் அமர்ந்து பார்க்கும் ஃபிளாட்டும் ஒன்றல்ல. இவ்வளவு முக்கியமான இந்தத் தகவல் பெரும்பாலான டிவி அட்டைப் பெட்டிகளில் இருப்பதே இல்லை.

மினி எல்இடி: எத்தனை மண்டலம் என்பதுதான் கேள்வி

கசியும் ஒளியைச் சமாளிக்க எல்சிடி குடும்பம் கண்டுபிடித்த வழி, பின்விளக்கையே பகுதி பகுதியாக அணைப்பது. இதற்கு லோக்கல் டிம்மிங் என்று பெயர். திரையின் ஒரு மூலை இருட்டாக இருக்க வேண்டும் என்றால், அந்த மூலைக்குப் பின்னால் இருக்கும் விளக்குகளை மட்டும் அணைத்துவிடுவது. விளக்குகளின் அளவைச் சிறிதாக்கி, ஆயிரக்கணக்கில் அடுக்கினால் அதுதான் மினி எல்இடி. 2019-ல் டிசிஎல் இதை முதலில் டிவிக்குக் கொண்டுவந்தது.

உண்மையிலேயே இது பெரிய முன்னேற்றம். ஆனால் விளக்கு எத்தனை என்பதைவிட, அவை எத்தனை மண்டலங்களாகப் பிரிந்து இயங்குகின்றன என்பதே முக்கியம். 1,000 மண்டலங்கள் இருந்தால், ஒவ்வொன்றும் சுமார் 8,300 பிக்சல்களுக்குப் பொறுப்பு. 100 மண்டலங்களே இருந்தால் 83,000 பிக்சல்களுக்கு ஒரே சுவிட்ச். இருட்டு வானத்தில் ஒரு நிலா வந்தால், நிலாவைச் சுற்றியுள்ள வானமும் சேர்ந்து வெளுக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் ஓடும்போது எழுத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தெரியும். மண்டலங்கள் கூடக் கூட இந்த வட்டம் சுருங்கும்.

'மினி எல்இடி' என்று பெயர் வைக்க இத்தனை மண்டலங்கள் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சில நூறு மண்டலங்கள் உள்ள டிவியும் மினி எல்இடிதான், சில ஆயிரம் உள்ளதும் மினி எல்இடிதான். ஒரே பெயர், ஆனால் படத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கியூஎல்இடி: நிறத்துக்கு நல்லது, கறுப்புக்கு அல்ல

கியூஎல்இடியின் 'கியூ', குவான்டம் டாட்டைக் குறிக்கிறது. இவை நானோமீட்டர் அளவிலான துகள்கள். துகளின் அளவுக்கு ஏற்ப அது உமிழும் ஒளியின் நிறம் மாறும் என்பதுதான் அதிசயம். சிறிய துகள் பச்சை, சற்றுப் பெரியது சிவப்பு. இந்த ஆராய்ச்சிக்காக மவுங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் ஆகியோருக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

டிவியில் இந்தத் துகள்கள் ஒரு மெல்லிய படலமாக, நீல நிறப் பின்விளக்குக்கு முன்னால் இருக்கும். சிவப்பும் பச்சையும் தூய்மையாகக் கிடைப்பதால் நிறங்களின் எல்லை விரிகிறது. பட்டுப் புடவையின் அரக்குச் சிவப்பு அரக்காகவே தெரியும். நல்ல விஷயம்தான். ஆனால் கான்ட்ராஸ்ட்டுக்கும் இந்தப் படலத்துக்கும் சம்பந்தமில்லை. லோக்கல் டிம்மிங் இல்லாத கியூஎல்இடியில் இரவுக் காட்சி அதே சாம்பல்தான். 2017-ல் சாம்சங் முன்னிறுத்திய இந்தப் பெயர், எழுத்தில் பார்த்தால் ஓஎல்இடியிலிருந்து ஒரு சின்ன வால் மட்டுமே வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எத்தனை பேர் குழம்பியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

ஓஎல்இடிக்கு எதிரியே இல்லையா?

இருட்டான அறையில், சினிமா பார்க்க, ஓஎல்இடியை மிஞ்ச ஆளில்லை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் மாறாது. பிக்சல்கள் அசுர வேகத்தில் மாறுவதால், வேகமான காட்சிகளில் வால்போல் இழுக்கும் மங்கல் குறைவு. ஆனால் மூன்று விஷயங்களை யோசிக்காமல் வாங்கக் கூடாது.

முதலாவது, வெளிச்சம். ஓஎல்இடி திரையின் ஒரு சிறு பகுதி மிகப் பிரகாசமாக எரியும். திரை முழுவதும் வெள்ளையானால், மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த டிவி தானாகவே வெளிச்சத்தைப் பல மடங்கு குறைத்துவிடும். காலை வெயில் நேராக அடிக்கும் ஹாலில், பகல் நேர கிரிக்கெட்டுக்கு நல்ல மினி எல்இடியே வசதி. குவான்டம் டாட்டும் ஓஎல்இடியும் சேர்ந்த கியூடி-ஓஎல்இடி 2022-ல் வந்தது. நிறத்தில் அது கில்லாடி. ஆனால் அறையில் வெளிச்சம் அதிகமானால் அதன் கறுப்பு, லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும்.

இரண்டாவது, தழும்பு. ஓஎல்இடியின் ஒளிரும் பொருள் கரிமச் சேர்மம். எரிய எரியத் தேயும். ஒரே இடம் எப்போதும் ஒரே மாதிரி எரிந்தால், அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேய்ந்து நிரந்தரத் தடம் விழும். வாரத்துக்கு நாலு படம் பார்ப்பவருக்கு இது பெரிய கவலை இல்லை. காலை 6 மணிக்கு செய்திச் சேனலைப் போட்டுவிட்டு, இரவு சீரியல் முடியும்வரை அணைக்காத வீட்டுக்கு இது நிஜமான கவலை. மூலையில் சேனலின் முத்திரை, அடியில் ஓடும் பட்டை, நாள் முழுக்க அதே இடத்தில்தானே இருக்கின்றன?

மூன்றாவது, நம்ம ஊர்ப் பழக்கம். ராத்திரி படுக்கும் முன் சுவரில் உள்ள மெயின் சுவிட்சை அணைப்பது பல வீடுகளில் வழக்கம். மின்சாரச் சிக்கனத்துக்கு நல்லதுதான். ஆனால் ஓஎல்இடி டிவி, ரிமோட்டில் அணைத்த பிறகுதான் தன் பிக்சல்களைச் சரிபார்த்துச் சமன்செய்யும் வேலையைச் செய்யும். அதற்கு பிளக்கில் மின்சாரம் இருக்க வேண்டும். தினமும் சுவிட்சை அணைத்தால் அந்தப் பராமரிப்பு நடக்காமலே போகும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

எச்டிஆர் என்ற முத்திரை

பழைய படங்களும் சாதாரண ஒளிபரப்பும் சுமார் 100 நிட் வெளிச்சத்தை அளவுகோலாக வைத்துத் தயாரானவை. எச்டிஆர் படங்கள் பொதுவாக 1,000 நிட், சில 4,000 நிட் வரை மனதில் வைத்து உருவாக்கப்படுகின்றன. சூரியனின் கூச்சமும் குகையின் இருட்டும் ஒரே ஃபிரேமில் தெரிவதற்குத்தான் இத்தனை மெனக்கெடல்.

இப்போது விலை மலிவான பல டிவிகளின் வெளிச்சம் 250, 300 நிட்தான். ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் எச்டிஆர் என்று இருக்கும். அது பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. அந்த டிவி எச்டிஆர் வீடியோவை வாங்கிப் படிக்கும். அதைக் காட்டத்தான் அதற்குத் தெம்பு இல்லை. லாரி ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது, லாரிதான் இல்லை என்பது போல.

ஹெர்ட்ஸ் கணக்கும் இதே கதைதான். பேனல் உண்மையில் நொடிக்கு 60 முறை புதுப்பிப்பதாக இருக்கும். பெட்டியில் 'மோஷன்' என்ற சொல்லை முன்னால் சேர்த்து 120 என்று போட்டிருப்பார்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 120-ஐ 24-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 5 வரும். 60-ஐ வகுத்தால் சரியாக வராது. அதனால்தான் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் 60 ஹெர்ட்ஸ் திரை லேசாக உதறுவதுபோல் தோன்றும். நிஜ 120-க்கும் பெயரளவு 120-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இடையில் இல்லாத ஃபிரேம்களை டிவியே கற்பனை செய்து செருகும் வசதி இன்னொரு தொல்லை. அது இருந்தால் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படமும் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் தனி வீடியோவே வெளியிட்டு, படம் பார்க்கும்போது இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதன்பின் வந்ததுதான் பல டிவிகளில் உள்ள ஃபிலிம்மேக்கர் மோடு.

உள்ளே போவது என்ன?

எந்தப் பேனலாக இருந்தாலும், உள்ளே போவதைத்தான் வெளியே காட்டும். சாதாரண எஸ்டி சேனலை 65 இன்ச் திரையில் போட்டால், முன்பிருந்த 32 இன்ச்சைவிட மோசமாகத்தான் தெரியும். இருக்கும் கொஞ்சம் விவரத்தை நாலு மடங்கு பரப்பளவில் இழுத்து விரிக்க வேண்டியிருக்கிறது. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ். அதுவும் 4கே தரும் திட்டத்துக்குச் சந்தா கட்டியிருந்தால் மட்டுமே.

தூரமும் ஒரு கணக்கு. நல்ல கண்பார்வை உள்ளவர், 55 இன்ச் திரையிலிருந்து 7 அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால், ஃபுல் எச்டிக்கும் 4கே-வுக்கும் கூர்மையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 8கே-வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதே தூரத்திலிருந்தும் கான்ட்ராஸ்ட்டும் நிறமும் பளிச்செனத் தெரியும். கூடுதல் காசு இருந்தால் எங்கே போட வேண்டும் என்பதற்கு இதுவே பதில்.

எந்த வீட்டுக்கு எது?

இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர், கேம் விளையாடுபவர், டிவி ஒரு நாளைக்குச் சில மணி நேரமே ஓடும் வீடு: ஓஎல்இடிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஜன்னல் வெளிச்சம் நிறைந்த ஹால், பகலெல்லாம் செய்தி, சீரியல், கிரிக்கெட்: மண்டலங்கள் அதிகம் உள்ள மினி எல்இடி பொருத்தம். பட்ஜெட் குறைவு, பார்ப்பது பெரும்பாலும் கேபிள் சேனல்கள்: நல்ல பேனல் கொண்ட சாதாரண எல்இடி டிவியே போதும். அரைகுறை மினி எல்இடிக்கும், டிம்மிங் இல்லாத கியூஎல்இடிக்கும் பெயருக்காக மட்டும் காசு கொடுக்கத் தேவையில்லை.

கடையில் ஐந்து நிமிடம் செலவழித்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லி, விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பென் டிரைவில் ஓர் இரவுக் காட்சியையும், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் ஒரு வீடியோவையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்க்கலாம். பிறகு நான்கே கேள்விகள்: பேனல் ஐபிஎஸ்ஸா, விஏ-வா? எத்தனை டிம்மிங் மண்டலம்? உச்ச வெளிச்சம் எத்தனை நிட்? பேனலின் நிஜ ஹெர்ட்ஸ் எவ்வளவு?

பெட்டியிலேயே இருக்க வேண்டிய பதில்

இந்த நான்கு கேள்விகளுக்கும் பெரும்பாலான கடைகளில் பதில் கிடைக்காது. விற்பனையாளரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. குறை, தகவலைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அச்சிடும் முறையில் இருக்கிறது.

100 ரூபாய் எல்இடி பல்பின் அட்டையில் எத்தனை லூமன் வெளிச்சம் என்று எழுதியிருக்கிறது. 60,000 ரூபாய் டிவியின் பெட்டியில் எத்தனை நிட் என்று எழுதுவதில் என்ன சிரமம்? டிவி எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதை எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திர முத்திரை ஏற்கெனவே சொல்கிறது. அதே பெட்டியில் இன்னும் நான்கு வரிகள் சேர்த்தால் போதும். கணினி மானிட்டர்களுக்கு வெசா அமைப்பு 2017-லேயே வெளிச்ச அளவின்படி 400, 600, 1000 என்று எச்டிஆர் தரச் சான்றுகளைக் கொண்டுவந்துவிட்டது. எனவே முடியாத காரியம் ஒன்றும் இல்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுக்க, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. 'எச்டிஆர்', 'மினி எல்இடி' போன்ற சொற்களுக்குக் குறைந்தபட்ச வரையறையை வகுக்க அரசு முன்வர வேண்டும்.

அதுவரை கேள்வி கேட்கும் பொறுப்பு வாங்குபவருடையதுதான். ஷோரூமில் நிற்கும் அந்த இளைஞரின் அப்பா காலை முழுக்கச் செய்தி பார்ப்பவர். ஹாலில் இரண்டு பெரிய ஜன்னல்கள். இரவு பத்து மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அம்மா படுக்கப்போவார். கடையிலேயே விலை உயர்ந்த டிவி அந்த வீட்டுக்குச் சரியான டிவி அல்ல. இது தெரிந்தால் அவருக்கு மிச்சமாவது சில மாத இஎம்ஐ.